மரக்காணம் உப்பளத்து ஆர்ட்டீமியா எதையும் தாங்குமா?

  

இந்தச் சொற்பொழிவுக்கான அழைப்பிதழில் கடலோர முதுகெலும்பற்ற உயிரினங்களும் காலநிலை மாற்றமும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் நான் எதைப் பேச வந்திருக்கிறேன் என்பது முன்வரிசை நண்பர்களுக்குத் தெரியும். கருத்தரங்குகளில் தேநீர் இடைவேளைதோறும் நடந்து, மணி அடித்ததும் பாதியில் நின்றுபோகிற சண்டைதான் அது. இன்று மணி என் கையில் இருக்கிறது.

அந்த நண்பர்களின் கட்சி இது: உப்பளத்தில் வாழும் ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறால் எதையும் தாங்கும், வெயில் ஏறினாலும் உப்பு ஏறினாலும் பழகிக்கொள்ளும், ஆகவே எந்த ஊர் முட்டையை எந்தப் பாத்தியில் போட்டாலும் ஒன்றுதான். என் கட்சி: தாங்கும் சக்தி அந்த இனம் முழுவதற்கும் பொதுவான சொத்து அல்ல. அந்தந்தப் பாத்தியில் தலைமுறை தலைமுறையாக வடிகட்டப்பட்ட கூட்டத்தின் சொத்து.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். அங்கே உப்பளத்தில் வேலை செய்பவர்கள் தண்ணீரின் உப்புச் செறிவை டிகிரியில்தான் சொல்வார்கள். கடல்நீர் 3 டிகிரிக்கு மேல் கொஞ்சம். பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து 25 டிகிரியைத் தொடும்போது உப்பு விளையத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில், மீன் பிழைக்க முடியாத உப்பில், ஆர்ட்டீமியா மல்லாந்து நீந்திக்கொண்டிருக்கும். முழு வளர்ச்சியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். உப்பு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். அப்போது உடலில் ஹீமோகுளோபின் கூடி உயிரி சிவக்கும். பாத்தி இதமாக இருந்தால் தாய் நீந்தும் குஞ்சுகளையே ஈனும். நெருக்கடி வந்தால் கெட்டி ஓடுள்ள முட்டைகளை விடும். காற்று ஒதுக்கும் கரையில் பழுப்புத் தூளாகப் படிந்து கிடப்பது அதுதான். நுண்ணோக்கியில் பாருங்கள்: கால் மில்லிமீட்டர் அளவு, காய்ந்த நிலையில் ஒரு பக்கம் கிண்ணம்போல் குழிந்திருக்கும். தண்ணீர் பட்டதும் உருண்டையாகும். ஒருநாள் கழித்துக் குஞ்சு வெளியே வரும். காய்ந்து கிடந்த காலமெல்லாம் உள்ளிருக்கும் கருவைக் காத்தது டிரெஹலோஸ் என்ற சர்க்கரையும் சில காப்புப் புரதங்களும்.

'பார்த்தீர்களா, எதையும் தாங்குகிறதே' என்பார்கள் நண்பர்கள். தாங்குகிறது, சரி. யாருடைய முட்டை, எந்த வெயிலை, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதல்லவா கேள்வி?

1980களில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஆர்ட்டீமியா பிரான்சிஸ்கானாவை வியட்நாமில் மீகாங் கழிமுகத்து உப்பளங்களில் விட்டார்கள். அது குளிர்ந்த ஊர். இது கொதிக்கும் ஊர். ஜேம்ஸ் கிளெக், பேட்ரிக் சோர்கெலூஸ் என்ற ஆர்ட்டீமியா ஆய்வாளர்களும் அவர்களின் சகாக்களும் 2000ஐ ஒட்டி வெளியிட்ட முடிவுகளில், வியட்நாமில் விளைந்த முட்டைகள் தாயகத்து முட்டைகளைவிட வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கின. உடனே எதிர்க்கட்சி எழுந்து, தாய் வளர்ந்த பாத்தியின் சூடு முட்டையில் படிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றது. கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் 2004இல் வந்த ஆய்வு, புது இடத்துக் கூட்டம் மரபிலேயே விலகியிருப்பதைக் காட்டிவிட்டது. அதன் பிறகும் 'பழக்கம்' என்ற ஒரே பதிலை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எனக்கு விளங்கவில்லை.

அவர்களின் அடுத்த அம்பு எனக்குப் பிடித்தமானது. நம் நாட்டு ஆர்ட்டீமியாவில் ஆண் கிட்டத்தட்டக் கிடையாது. பெண் தன் நகலையே பெறுகிறது. கலப்பு இல்லாத இடத்தில் தேர்வுக்கு என்ன வேலை என்பார்கள். ஒரு பாத்தியில் ஒரே நகல்தான் இருக்கிறதென்று யார் சொன்னது? பல நகல் வரிசைகள் ஒரே நீரில் கிடக்கும். சித்திரை வெயில் ஒன்றைத் தூக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை வேறொன்றைத் தூக்கிவிடும். தோற்றவையும் அழிவதில்லை, சேற்றில் முட்டையாகக் காத்திருக்கும். புது மரபு உண்டாவது வேண்டுமானால் மெதுவாக இருக்கலாம். இருப்பதற்குள் வடிகட்டுவது மெதுவாகவே நடக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இது வெறும் ஏட்டுச் சண்டையாக இருந்தால் விட்டுவிடுவேன். ஆனால் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு டப்பா டப்பாவாக அமெரிக்க முட்டை இறக்குமதியாகிறது. இந்திய உப்பளங்கள் பலவற்றில் இன்று அந்த அமெரிக்கப் பிரான்சிஸ்கானா குடியேறிவிட்டது. மத்தியதரைக் கடலோரத்தில் பல உப்பளங்களில் அது உள்ளூர் ஆர்ட்டீமியாவைத் துரத்தியேவிட்டது. எந்த ஊர் முட்டையும் ஒன்றுதான் என்ற வாக்கியத்துக்கு இதில் பங்கில்லையா?

காலநிலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெப்பத்தையே எல்லோரும் பேசுகிறார்கள். நம் கரையில் நன்னீரும் அதே அளவு கவலை தரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, இதே வட்டாரத்து மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. கழுவெளி போன்ற உவர்நீர் ஏரிக்கு அப்படி ஒரு வெள்ளம் வந்தால் உப்பு சடாரென்று இறங்கும். மட்டியும் ஆளியும் ஓட்டை மூடிக்கொண்டு சில நாள் சமாளிக்கும், நீண்டால் சாகும். கழுவெளி மட்டியும் பழவேற்காட்டு மட்டியும் ஒரே அளவுக்குச் சமாளிக்குமா என்பது இதே சண்டையின் இன்னொரு கிளை, விரிக்க நேரமில்லை. 

இளைஞர்கள் செய்ய வேண்டியவை. மரக்காணம், கேளம்பாக்கம், வேதாரண்யம், தூத்துக்குடி முட்டைகளை ஒரே தொட்டி, ஒரே உப்பு, ஒரே தீனியில் இரண்டு தலைமுறை வளர்த்து, பிறகு வெப்பத்தில் சோதியுங்கள். தாயின் பாதிப்பு கழன்றுவிடும். ஆய்வுக்கூட அலமாரிகளில் பழைய முட்டைக் குப்பிகள் இருக்கும். பொரிப்பவற்றை இந்த ஆண்டு முட்டைகளோடு சேர்த்து வளர்த்துப் பாருங்கள். பறவைக் கால்களில் முட்டை எவ்வளவு பயணிக்கிறது என்பதையும் யாராவது பார்க்கலாம். மாதிரி எடுக்கும்போது குப்பியின் மேல் ஊர்ப் பெயர் மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பாத்தி, என்ன தேதி, அன்று தண்ணீர் எத்தனை டிகிரி, அதையும் எழுதுங்கள்.