சுக்கிரனை நோக்கிய இருவர்

ருஷ்யாவின் வடகோடியில் மீனவர் குடும்பத்திற் பிறந்து, மீன் ஏற்றிய வண்டிகளோடு மாஸ்கோ சென்று கல்வி கற்ற மிகயீல் லமனோசவ், 1761-ஆம் ஆண்டு சூரியபிம்பத்தைக் கடந்து சென்ற சுக்கிரனைத் தொலைநோக்கியால் உற்று நோக்கி, அதன் விளிம்பிலே தோன்றிய மெல்லிய ஒளிக்கீற்றைக் கொண்டே அங்கும் வாயுமண்டலம் உண்டெனத் துணிந்தார். சாஸ்திரத்தைத் தாய்மொழியிலேயே வழங்க வேண்டும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை நம் சென்னையிலே கைக்கொண்டவர், நுங்கம்பாக்கம் வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். 1874 டிசம்பரில் சுக்கிரன் மீண்டும் சூரியனைக் கடக்கவிருந்தபொழுது, பாமரரும் அஞ்சாது அறிந்துகொள்ளும்பொருட்டு, ஆங்கிலத்தோடு நம் நாட்டு மொழிகளிலும் அதனை விளக்கிச் சிறுநூல் வெளியிட்டார். ஆசாரம் மிக்க அப்பெரியார், கண்ணாற் கண்ட கிரகநிலைக்கும் கணக்குக்கும் பேதமிருந்தால் திருத்தப்பட வேண்டியது கணக்கே என்று கருதித் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டாரே, அந்தத் துணிவைத்தான் நான் பெரிதும் போற்றுகிறேன்.

தை மாத முன்னிரவில் சோழவரம் ஏரிக்கரையில் நின்று, தொழிற்சாலை விளக்கொளிக்கு அப்பால் தெற்கே அடிவானத்தை ஒட்டி நோக்குவோமாயின், வெறுங்கண்ணுக்கு எட்டாத விண்மீனொன்று அப்பகுதியில் உண்டு. 1867-இல், ஏறக்குறைய ஒன்பது மாதங்களுக்கொருமுறை ஒளி கூடிக் குறையும் அவ்விண்மீனை உலகுக்கு அறிவித்தவர் ரகுநாதாச்சாரியாரே. 1872-இல் லண்டன் ராயல் வானியற் கழகம் அவரை அங்கத்தினராக ஏற்றது.