நாரை தங்கும் வாவி



சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதுவிடும் தனிப்பாடலைப் பள்ளிப் பருவத்திலே பலரும் மனனஞ் செய்திருப்பீர்கள். வறுமையினால் மதுரைக்கு வந்து, போர்த்த ஆடையின்றி வாடையிலே நடுங்கும் புலவர், ஊரிலுள்ள மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார். அலகுக்குப் பனங்கிழங்கை உவமை சொன்ன அழகையும், வறுமையின் அவலத்தையும் நாம் வகுப்பறையிலே விளக்குவோம். ஆனால் அப்பாடலில் ஒரு பயணக் குறிப்பும் உண்டு. தென்குமரியில் நீராடி வடக்கே மீளும் நாரையை, இடையிலே தம்மூர் வாவியில் தங்கும்படி வேண்டுகிறார் புலவர். பறவைகளின் வலசையையும், வழியிலே அவற்றுக்கு நீர்நிலை வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அதனைக் கண்ணாலே காணட்டும் என்று, தை மாதத்திலே எங்கள் கல்லூரி உயர்தர மாணவரை மன்னாருக்கு அழைத்துச் சென்றேன். அங்குள்ள வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டேயர் பரப்புடையது. 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வடதேசங்கள் உறைபனியால் மூடப்படும் காலத்திலே வரும் பறவைகள் இலங்கையில் முதலிற் கால் பதிக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. மீளும்போது கடைசியாக இரையுண்டு வலுச் சேர்ப்பதும் இங்கேதான். ஊசிவால் வாத்துகள் கூட்டங் கூட்டமாக மிதந்தன. முழங்காலளவு நீரிலே பூநாரைகள் வளைந்த அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, சேற்றுநீரை வடித்து இரையெடுத்தன.

தந்தை வெளிநாட்டிலே தொழில் செய்யும் மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், இதுகள் போனால் திரும்பி இஞ்சைதான் வருமோ?"

வரும் என்பதற்குச் சான்று உண்டு. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரிலே கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று, ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் குடாநாடு வரை சென்று மன்னாருக்கே மீண்டது. போன வழியெல்லாம் செய்தியும் அனுப்பியது. புலவரின் தூது இன்று இப்படியும் மெய்யாகிறது.

ஆனால் இறங்க வாவி இருக்க வேண்டுமே! 2020 முதல் மன்னார்த் தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகள் சுழல்கின்றன. மேலும் அமைப்பதை எதிர்த்து 2025 இல் அவ்வூர் மக்கள் போராடினர். மின்சாரம் வேண்டியதே; அதனை எங்கே பெறுவது என்பதே கேள்வி. குப்பை கொட்டியும் மண் நிரப்பியும் நம்மூர்க் குளங்களையும் தரவைகளையும் சுருக்குவது நாமேதான். இனி அப்பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், நாரையோடு வாவியையும் காட்டுவாராக.