தேக்காவின் கொம்பு எங்கே போனது?



ஜாலான் புசார் சாலை தொடங்கும் முனையில் சிம் லிம் டவர் இருக்கிறது. மின்னணு உதிரிப்பாகங்கள் வாங்க வருபவர்களுக்கு அந்தக் கட்டடம் பழக்கமானது. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரும் அருகிலேயே உள்ளது. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் தேக்கா.

அந்த வட்டாரத்தில் ஒரு மாணவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு போட்டியில் கலந்துகொண்ட 200 பிள்ளைகளுக்குத் தமிழில் சான்றிதழ் தயாரிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைக்கிறது. பைத்தான் மொழியில் சின்ன நிரல் ஒன்றை எழுதுகிறார். பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் சான்றிதழ்ப் படங்கள் தானாக வந்து விழும். அவருடைய மடிக்கணினியில் எல்லாம் அழகாக வருகிறது. பிறகு அதே நிரலை வாடகைக்கு எடுத்த சர்வரில் ஏற்றி ஓட விடுகிறார். மறுநாள் பார்த்தால் ‘தேக்கா’ என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு ‘த’வை விட்டு விலகி அடுத்த ‘க’வின் முன்னால் போய் ஒட்டியிருக்கிறது. ‘புசார்’ என்பதில் ‘ப’ தனியாகவும் உகரக் குறி தனியாகவும் நிற்கின்றன. நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. எழுத்துருவும் அதேதான். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

தமிழில் நிரல் எழுதும் பலர் முதலில் எழுத்துருவைத்தான் குறை சொல்வார்கள். ஒன்றுக்கு மூன்று எழுத்துருக்களை மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு அங்கே இல்லை.

யூனிகோடு முறையில் ‘தே’ என்ற எழுத்து சேமிக்கப்படும்போது முதலில் ‘த’, அதற்குப் பின் இரட்டைக்கொம்பு என்ற வரிசையில்தான் உள்ளே போகிறது. உச்சரிக்கும் வரிசை அது. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பைத் தூக்கி ‘த’வுக்கு முன்னால் வைக்க வேண்டும். ‘ப’வோடு உகரம் சேரும்போது இரண்டையும் ஒரே வடிவமாக மாற்ற வேண்டும். இந்த வேலையை எழுத்துரு மட்டும் செய்ய முடியாது. எழுத்துருவில் உள்ள விதிகளைப் படித்து எழுத்தைக் கோக்கும் தனி மென்பொருள் ஒன்று வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இந்த வேலைக்குப் பெயர்பெற்றது.

இனி மாணவர் பயன்படுத்திய படநூலகத்துக்கு வருவோம். அதன் பெயர் பில்லோ. 1995இல் ஃபிரெட்ரிக் லுண்ட் தொடங்கிய ‘பில்’ என்ற நூலகத்திலிருந்து 2010இல் கிளைத்தது. இதன் மேற்பகுதி பைத்தானில் எழுதப்பட்டது. உழைக்கும் பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழி நிரலை அந்தந்த இயந்திரத்துக்கு ஏற்ற மொழிக்கு முன்கூட்டியே மாற்ற வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

மசாலா வாங்கும் பழக்கத்தோடு இதை ஒப்பிடலாம். மிளகாயும் மல்லியும் வாங்கி வந்து மில்லில் கொடுத்து அரைப்பது ஒரு வழி. அரைத்துப் பொட்டலம் கட்டியதை வாங்குவது இன்னொரு வழி. முன்பெல்லாம் இத்தகைய நூலகத்தை நிறுவுபவர் பெரும்பாலும் தாமே அரைக்க வேண்டியிருந்தது. சி தொகுப்பி வேண்டும், துணை நூலகங்கள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் திரை நிறைய பிழைச் செய்தி வரும். 2013இல் ஏற்கப்பட்ட ‘வீல்’ என்ற பொட்டல முறை அந்தத் தொல்லையை வெகுவாகக் குறைத்தது. பைத்தானின் எந்தப் பதிப்புக்கு, எந்த இயங்குதளத்துக்கு என்பது பொட்டலத்தின் பெயரிலேயே இருக்கும். லினக்ஸின் பல வகைகளுக்கும் பொருந்தும் பொட்டலங்களுக்கான விதி 2016இல் வந்தது. இன்று ‘பிப்’ கட்டளை ஒன்றைத் தட்டினால் சில விநாடிகளில் வேலை முடிந்துவிடுகிறது.

வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பில்லோவில் எழுத்தைப் படமாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எளிய வழி. சேமித்த வரிசைப்படியே எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. இரண்டாவது வழி ராக்ம் என்ற நூலகம். அது ஹார்ஃப்பஸின் உதவியோடு எழுத்தை முறைப்படி கோக்கும். 2017இல் வந்த 4.2.0 பதிப்பில் பில்லோ இதை ஏற்றுக்கொண்டது. 2021இல் வந்த 8.2.0 பதிப்பிலிருந்து ராக்ம் பொட்டலத்துக்குள்ளேயே வருகிறது. அப்படியானால் மாணவரின் சர்வரில் ஏன் தமிழ் சிதைந்தது?

ராக்ம் நூலகத்துக்கு ஃபிரிபிடி என்ற இன்னொரு நூலகம் தேவை. அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக உள்ளது அது. அதைப் பில்லோ பொட்டலத்துக்குள் வைப்பதில்லை. நிரல் ஓடும்போது கணினியில் அது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறது. கிடைத்தால் ராக்ம் வேலை செய்யும். கிடைக்காவிட்டால் ராக்ம் முழுவதுமே ஒதுக்கப்பட்டு, எளிய வழிக்கு நிரல் திரும்பிவிடும். திரை, மேசைச் சூழலோடு வரும் லினக்ஸ் கணினிகளில் ஃபிரிபிடி வழக்கமாக இருக்கும். தேவையற்றதை நீக்கி மெலிதாக்கிய சர்வர்களில் பெரும்பாலும் இருக்காது. விண்டோஸ் என்றால் அந்தக் கோப்பைத் தனியே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆக, இடமிருந்து வலமாக மட்டுமே எழுதும் தமிழ், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான ஒரு கோப்பு இல்லாத காரணத்தால் உடைந்துபோகிறது! அடுத்த வீட்டுக்காரர் மின்கட்டணம் கட்டாததற்கு இந்த வீட்டு விளக்கு அணைந்ததுபோல.

தாமே அரைத்துக்கொள்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கைக்கு அடக்கமான சிறு கணினிப் பலகைகளுக்குச் சில வேளைகளில் தயார்ப் பொட்டலம் கிடைப்பதில்லை. அப்போது ‘பிப்’ மூல நிரலை இறக்கித் தொகுக்க முயலும். ஜேபெக் நூலகம் இல்லையென்றால் பில்லோ தொகுப்பு நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். ராக்ம் இல்லையென்றால் நிற்காது, ஏனென்றால் அது விருப்பப் பகுதி. ‘வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்ற வாசகம் வரும். படத்துக்கு ஜேபெக் கட்டாயம், தமிழ் எழுத்துக்குரியது விருப்பம் என்பதுதான் இன்றைய ஏற்பாடு. பில்லோவைப் பராமரிப்பவர்களிடம் இதற்காகக் கோபப்பட நியாயமில்லை. அவர்கள் உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒன்றைச் செய்து தருகிறார்கள். தமிழுக்கு எது கட்டாயம் என்பதைத் தமிழுக்காக நிரல் எழுதுபவர்தான் எழுதி வைக்க வேண்டும்.

சிங்கப்பூர் இந்த விஷயத்துக்குப் புதிதல்ல. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, இணையம் இங்கு பரவத் தொடங்கிய நாள்களிலேயே தமிழை அதில் ஏற்ற உழைத்தவர். 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே நடந்தது. 2000ஆம் ஆண்டு மாநாட்டில்தான் உத்தமம் அமைப்பு தொடங்கப்பட்டது. அந்தக் காலத்துக் குறியீட்டு முறைகள் பலவற்றில் கொம்பு முன்னால், எழுத்து பின்னால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தமிழ் சேமிக்கப்பட்டது. கோக்கும் மென்பொருள் தேவைப்படவில்லை. பதிலாக, ஓர் எழுத்துருவில் தட்டியதை வேறு முறையில் அமைந்த எழுத்துருவில் படிக்க முடியவில்லை. யூனிகோடு அந்தத் தொல்லையைத் தீர்த்தது. கோக்கும் பொறுப்பை மென்பொருளின் தலையில் வைத்தது.

இன்றும் சிலர் குறுக்கு வழியாகக் கொம்பை நிரலிலேயே பிடித்து முன்னால் நகர்த்தி ஒட்டுப்போடுகிறார்கள். ‘தே’ சரியாகத் தெரியும். ‘பு’ அப்போதும் உடைந்துதான் இருக்கும். சரியான தமிழ் அமைந்த இன்னொரு கணினிக்குப் போனால் நகர்த்திய கொம்பும் தவறாகிவிடும். இந்த வைத்தியம் வேண்டாம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. சர்வரில் ஃபிரிபிடியை நிறுவ வேண்டும். நிறுவும் குறிப்பில் அதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். ராக்ம் கிடைக்கிறதா என்று கேட்கும் வசதி பில்லோவிலேயே இருக்கிறது. நிரலின் முதல் வரிகளில் அதைக் கேட்டு, இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வசதியும் உண்டு. எழுத்தை வரையும் கட்டளையில் மொழி தமிழ் என்று குறிப்பிடலாம். ராக்ம் இல்லாத கணினியில் அப்படிக் குறிப்பிட்டால் பில்லோ மௌனமாக எளிய வழிக்குப் போகாது. முடியாது என்று பிழைச் செய்தி தந்து நின்றுவிடும். சிங்கப்பூரில் இது முக்கியம். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனால் தமிழ் அறிவிப்பைத் தயாரிக்கும் கணினியை இயக்குபவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கொம்பு இடம் மாறியது அவர் கண்ணில் படாது; சிவப்பு எழுத்தில் வரும் பிழைச் செய்தி படும். அந்த மாணவர் இந்த ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் 200 சான்றிதழ்களில் முதலாவதிலேயே நிரல் நின்றிருக்கும்.