வழிகாட்டுவோர்க்கும் பயிற்சி வேண்டும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உயர்கல்வி நிலையங்களில் மாணவர்க்குப் படிப்புவழி காட்டும் பணியில் இருப்போரைக் கல்வி ஆலோசகர் என்பர். அவ்வாலோசகர்களைத் தம் பணியில் தொடர்ந்து தேர்ச்சி பெறச் செய்வது எங்ஙனம், அம்முயற்சியை முன்னின்று நடத்துவோர் எவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள். இப்பணி தனித்தொழிலாக வளர்ந்து நிலைபெற்ற இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர். ஆகவே அங்குள்ள நடைமுறையை அறிந்து கொள்வது பெற்றோர்க்கும் பயனுடையதாகும்.

அந்நாட்டில் இளநிலைப் பட்டம் பெறப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. இன்ன பாடங்களைத்தான் படிக்க வேண்டும் என்று தொடக்கம் முதல் முடிவு வரை வரையறுத்துக் கொடுப்பதில்லை. பொதுக்கல்விப் பாடங்கள், முதன்மைப் பாடங்கள், விருப்பப் பாடங்கள் எனப் பல வகையிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் மாணவரே தெரிவு செய்கிறார். முதன்மைப் பாடம் எதுவென்று முடிவு செய்யாமலே கல்லூரியில் சேர்வோரும் உண்டு. இது பெரிய உரிமை; அதற்கேற்ற இடரும் உடையது. ஓராண்டு படித்த பாடங்கள் பட்டத்திற்கு உதவாமற் போகலாம். ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது முன்பு பெற்ற கிரெடிட் ஏற்கப்படாமற் போகலாம். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள், தாம் பெற்ற கிரெடிட்டில் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2017ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. வறிய மாணவர்க்கு அந்நாட்டரசு வழங்கும் பெல் உதவித்தொகையும் வாழ்நாளில் 12 பருவங்களுக்குச் சமமான அளவே கிடைக்கும். வீணான ஒவ்வொரு பருவமும் அவ்வெல்லையைத் தின்றுவிடும்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு, கடல் கடந்து சென்ற பிள்ளைகளைப் பற்றியது. எஃப்-1 விசாவில் இளநிலைப் பட்டம் பயிலும் மாணவர், பருவந்தோறும் பொதுவாக 12 கிரெடிட்டாவது பயில வேண்டும். பல்கலைக்கழகத்தில் அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலரின் முன்னனுமதி பெறாமல் அந்த அளவுக்குக் கீழே சென்றால் அந்நாட்டில் தங்கிப் பயிலும் தகுதியே பறிபோகும். கணிதப் பாடம் கடினமாக உள்ளது, விட்டுவிடலாமா என்று ஒரு மாணவர் கேட்கிறார். 'விட்டுவிட்டு அடுத்த பருவத்தில் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஆலோசகர் கனிவோடு சொல்கிறார். உள்நாட்டு மாணவர்க்கு அது நல்ல அறிவுரையாக இருக்கக்கூடும். 12 கிரெடிட் மட்டுமே எடுத்திருக்கும் வெளிநாட்டு மாணவர்க்கோ அதே சொல், வீடு திரும்பும் பயணச்சீட்டாக முடியலாம். இருவரிடமும் ஆலோசகர் காட்டிய அன்பு ஒன்றே. ஒருவரைக் காத்ததும் மற்றவரைக் கெடுத்ததும் அவருடைய அறிவின் நிறைவும் குறைவுமே. நல்லெண்ணம் மட்டும் வழிகாட்டப் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்பணியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1869இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்லஸ் எலியட், மாணவர் தாமே பாடங்களைத் தெரிவு செய்யும் முறையைப் பெரிதும் விரிவாக்கினார். தெரிவு பெருகியபோது துணையும் தேவைப்பட்டது. 1876இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், அதன் முதல் தலைவர் டேனியல் கில்மன், ஆசிரியர்களையே மாணவர்க்கு ஆலோசகர்களாக அமர்த்தும் முறையை ஏற்படுத்தினார். ஆயினும் நெடுங்காலம் வரை படிவத்தில் கையொப்பமிடுவதும் கால அட்டவணையைச் சரிபார்ப்பதுமே பல இடங்களில் ஆலோசனை எனப்பட்டன.

1972ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு கட்டுரைகள் அந்நிலையை மாற்றத் தொடங்கின. பர்ன்ஸ் குரூக்ஸ்டன் என்பவர் ஆலோசனையும் ஒருவகைக் கற்பித்தலே என்று வாதிட்டார். மருத்துவர் மருந்து எழுதித் தருவது போல விடையைக் கொடுத்தனுப்பும் முறையை விடுத்து, மாணவரும் ஆலோசகரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறையை அவர் முன்வைத்தார். டெரி ஓபேனியன் என்பவர் ஐந்து படிகளை வரிசைப்படுத்தினார். வாழ்க்கை நோக்கத்தை ஆராய்தல், தொழில் நோக்கத்தை ஆராய்தல், படிப்பைத் தெரிதல், பாடங்களைத் தெரிதல், காலத்தை வகுத்தல் என்பன அவை. முன்பெல்லாம் ஐந்தாம் படியிலேயே தொடங்கி ஐந்தாம் படியிலேயே முடிந்த பணிக்கு, முதல் நான்கு படிகளும் உண்டென அவர் காட்டினார்.

1977இல் வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் ஆலோசகர்களின் முதல் தேசிய மாநாடு கூடியது. 1979இல் நகாடா என்னும் அமைப்பு முறையாக நிறுவப்பெற்றது. இன்று அதன் தலைமை அலுவலகம் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. ஆலோசகர் பெற்றிருக்க வேண்டிய திறன்களை இவ்வமைப்பு 2017இல் மூன்றாக வகுத்து வெளியிட்டது. முதலாவது கருத்தறிவு, ஆலோசனை எதற்காக, அதன் அறநெறி யாது என்னும் தெளிவு. இரண்டாவது செய்தியறிவு, பாடத்திட்டம், விதிமுறை, உதவித்தொகை, சட்டம் ஆகியவற்றை அறிதல். மூன்றாவது உறவுத்திறன், கேட்டல், வினவுதல், நம்பிக்கை பெறுதல்.

பயிற்சி முயற்சியை முன்னின்று நடத்துவோர்க்கு முதற் சோதனை இம்மூன்றில்தான் உள்ளது. பல நிறுவனங்களில் பயிற்சி என்றால் இரண்டாவது மட்டுமே. புதிய விதி வந்தால் ஒரு கூட்டம். புதிய கணினி மென்பொருள் வந்தால் ஒரு கூட்டம். அவை எளிதில் நடத்தத் தக்கவை, வருகைப் பதிவேட்டில் எளிதில் காட்டத் தக்கவை. ஆனால் எதிரே அமர்ந்திருக்கும் மாணவர் ஏன் மூன்று வாரமாக வகுப்புக்கு வரவில்லை என்பதை எந்த மென்பொருளும் கேட்டறியாது. தந்தையின் விருப்பத்திற்காகப் பொறியியல் எடுத்தேன் என்று சொல்லத் தயங்கும் மாணவரின் மௌனத்தை விதிப்புத்தகம் கலைக்காது. ஆகவே மூன்றுக்கும் இடம் ஒதுக்கி ஆண்டுத் திட்டம் வகுப்பதே தலைமை தாங்குவோரின் முதற்கடமை.

நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கர் இயல்பைக் கூறுமுன் ஆசிரியர் இயல்பைக் கூறுகிறது. அவ்வரிசை பொருள் பொதிந்தது. மாணவர் ஏன் இடையில் நின்றார் என்று கேட்குமுன், அவர்க்கு வழிகாட்ட அமர்ந்தவர் எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டார் என்று கேட்பதே முறை.

இனி, செயல்முறை. புதிய ஆலோசகரை முதல் வாரத்திலேயே தனியறையில் அமர்த்திவிடுவது தகாது. மாணவரின் இசைவோடு, தேர்ந்த ஆலோசகர் உரையாடும்போது புதியவர் அருகிருந்து கேட்க வேண்டும். சில வாரங்கள் சென்றபின் புதியவர் உரையாட, மூத்தவர் அருகிருக்க வேண்டும். பின்னர் இருவரும் அமர்ந்து, எந்த வினா மாணவரைப் பேச வைத்தது, எந்தச் சொல் வாயடைத்தது என ஆராய வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. நேரம் மட்டுமே வேண்டும்.

அடுத்தது, மாதந்தோறும் நிகழ்வாய்வு. உண்மையில் நேர்ந்த ஒரு சிக்கலை, மாணவரின் பெயரும் அடையாளமும் நீக்கி, ஆலோசகர்கள் கூடி விவாதிப்பது. மாணவரின் கல்விப் பதிவுகளைக் காக்க 1974ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டம் இயற்றப்பட்டது. கல்லூரியில் சேர்ந்த மாணவரின் மதிப்பெண்ணைப் பொதுவாக அவருடைய இசைவின்றிப் பெற்றோர்க்குங்கூட வெளியிடுவதில்லை. இங்கிருந்து தொலைபேசியில் அழைக்கும் பெற்றோர், தமக்கு விடை மறுக்கப்படுவதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. அது ஆலோசகரின் கடமை. பெற்றோரின் கவலையை மதித்துக்கொண்டே அக்கடமையைக் காப்பது எப்படி என்பதும் பயிற்சிக்குரிய பொருளே.

மூன்றாவது, எல்லையறிதல். ஆலோசகர் மருத்துவரும் அல்லர், வழக்கறிஞரும் அல்லர். மனச்சோர்வுற்ற மாணவரை உளநல மையத்திற்கும், விசா ஐயமுடையவரை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திற்கும் உரிய நேரத்தில் அனுப்புவதே அவர் அறிவு. அதுவும் ஒரு முகவரிச் சீட்டைக் கொடுத்து அனுப்புவதாக அமையக் கூடாது. அங்குள்ளவரைத் தாமே அழைத்துச் சொல்லி, மாணவர் சென்று சேர்ந்தாரா என மறுநாள் கேட்டறிவதாக அமைய வேண்டும். அவ்வலுவலகங்களில் பணியாற்றுவோரைப் பயிற்சிக் கூட்டத்திற்கு அழைத்து முகமறியச் செய்வது தலைமை தாங்குவோரின் பணி.

இவையனைத்திற்கும் தடையாக நிற்பது ஒன்றே. அது பணிச்சுமை. நகாடா 2011இல் நடத்திய தேசிய அளவீட்டின்படி, முழுநேர ஆலோசகர் ஒருவர்க்கு இடைநிலை அளவாக 296 மாணவர்கள் இருந்தனர். பதிவுக் காலத்தில் அறைக்கு வெளியே மாணவர் வரிசை நீளும்போது, பயிற்சிக்கு வாருங்கள் என்றால் யார் வருவர்? எனவே பயிற்சிக்குரிய நேரத்தைப் பணிநேரத்துக்குள்ளேயே பெற்றுத் தருவதும், பதிவுக் காலத்தைத் தவிர்த்து நாட்குறிப்பு வகுப்பதும், நிர்வாகத்தாரிடம் அதற்காக வாதாடுவதும் தலைமையின் கடமைகளாகும். நேரம் தராத பயிற்சித் திட்டம் தாளிலேயே நின்றுவிடும்.

இவ்வாறு செலவிடுவதற்குப் பயனுண்டா என்று நிர்வாகத்தார் வினவுவர். வினவுவதும் நியாயமே. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் ஈராண்டுக் கல்லூரிகளில் 2007இல் அசாப் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஆலோசகர் ஒருவர்க்குரிய மாணவர் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்து, அடிக்கடி சந்திப்பதைக் கட்டாயமாக்கியது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட இரு குழுக்களை ஒப்பிட்டு எம்டிஆர்சி நிறுவனம் ஆராய்ந்தபோது, மூன்றாண்டில் பட்டம் பெற்றோர் திட்டத்தில் 40 விழுக்காடு, திட்டத்துக்கு வெளியே 22 விழுக்காடு எனக் கண்டது. கட்டணச் சலுகை, பாடநூல் உதவி, போக்குவரத்து அட்டை ஆகியவையும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பசியோடு இருப்பவரை அறிவுரை மட்டும் கரையேற்றாது.

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் மாணவர் தடுமாறுவதற்கான 800க்கு மேற்பட்ட அறிகுறிகளைக் கணினிவழிக் கண்காணிக்கும் முறையை 2012இல் கொண்டுவந்தது. ஆனால் கணினியை வாங்கியதோடு அது நிற்கவில்லை. எச்சரிக்கை வந்தால் மாணவரை அழைத்துப் பேச ஆட்கள் வேண்டுமென உணர்ந்து, புதிதாக 42 ஆலோசகர்களையும் அமர்த்தியது. கணினி அறிகுறியைத்தான் காட்டும். அந்த மாணவரை அழைத்து, அச்சுறுத்தாமல் பேச்சைத் தொடங்குவது மனிதர் செய்ய வேண்டியது. முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்பதைப் பயிற்சியில் பழகிப் பார்க்க வேண்டும்.

பயிற்சியின் பயனை அளப்பதிலும் விழிப்பு வேண்டும். எத்தனை பேர் வந்தனர், உணவு நன்றாயிருந்ததா என்னும் கணக்கு போதாது. பயிற்சிக்குப்பின் ஆலோசகர் எதை வேறாகச் செய்தார், மாணவர் அறையை விட்டுச் செல்லும்போது அடுத்த படி யாதெனத் தெளிவாகச் சொல்ல முடிந்ததா, தவறான பதிவுகள் குறைந்தனவா என்பவையே பொருளுள்ள அளவைகள்.

தமிழகத்துக்கும் இப்பொருளுக்கும் தொடர்புண்டு. அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறைகளில், துறைத்தலைவர் குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைப்பதற்கும், அவர் படிப்புக்காலம் முழுதும் அவர்களுக்கு ஆலோசகராக இருப்பதற்கும் இடமுண்டு. விருப்பப் பாடத் தெரிவு பரவிவரும் இக்காலத்தில் அப்பொறுப்பு மேலும் கனமுடையதாகிறது. இவ்வவையில் அமர்ந்துள்ள கல்லூரி ஆசிரியர்கள், மாதம் ஒரு மணி நேரம் சக ஆசிரியர்களோடு அமர்ந்து ஒரு மாணவரின் சிக்கலைப் பெயரின்றி விவாதிக்கத் தொடங்கினாலே போதும். பயிற்சி அங்கே பிறந்துவிடும். ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களும் பிள்ளையைச் சேர்க்கும் கல்லூரியில் கட்டடத்தையும் கட்டணத்தையும் கேட்பதோடு, இவ்வினாக்களையும் கேட்கலாம்: பிள்ளைக்கு ஆலோசகர் யார்? அவர்க்கு எத்தனை மாணவர்? பருவத்திற்கு எத்தனை முறை சந்திப்பார்? அப்பணிக்கு அவர் என்ன பயிற்சி பெற்றார்? இளைஞர்களும் பதிவு நாளன்று மட்டும் ஓடிச் செல்லாமல், ஐயம் தோன்றிய நாளிலேயே ஆலோசகரை நாடுக. குறிப்பாக, ஒரு பாடத்தைக் கைவிடுமுன் நாடுக.

அறிவுரை பெறுபவர் இழப்பது ஒரு பருவமாக இருக்கலாம்; சிலர்க்கு அதுவே படிப்பின் முடிவாகிவிடும். அத்துணைப் பொறுப்புடைய பணிக்கு ஒருவரை அமர்த்தும் நிறுவனம், அவர்க்கு நாற்காலியோடு பயிற்சியையும் தர வேண்டும்.