செங்கடலில் முக்குளிப்பு: கயிறு யார் கையில்?



விடுமுறை என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் மூன்றே கடற்கரைகள்தாம். மோரிப், பாகான் லாலாங், போர்ட்டிக்சன். காலையில் புளிச்சோறும் நெத்திலிச் சம்பாலும் கட்டிக்கொண்டு வேனில் புறப்பட்டால், மாலையில் மணல் ஒட்டிய கால்களோடு வீடு திரும்பிவிடலாம். கணுக்கால் நனைந்தால் போதும், கடலுக்குப் போய்வந்த திருப்தி கிடைத்துவிடும்.

இன்று நிலை மாறிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தீபாவளிக்குத் துணி எடுக்க வரும் இளம் தம்பதிகளின் கைப்பேசியில் ஷார்ம் எல் ஷேக், ஹுர்காடா, டஹாப் என்ற பெயர்கள் புரள்கின்றன. ஒரு பக்கம் செம்மண் மலையும் பாலைவனமும், மறு பக்கம் கண்ணாடி போன்ற நீலக் கடல், அதற்குள் பவளப் பாறைகள். எகிப்து நாட்டுச் செங்கடல் கரையின் படங்களைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

இந்த ஆசைக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. நம் நாட்டில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகிய தீவுகள் முக்குளிப்புக்குப் பெயர் பெற்றவை. ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை அடைத்துவிடுகிறது. பெரும்பாலான விடுதிகள் கதவைச் சாத்துகின்றன. தீபாவளி விடுமுறையும், 2026ஆம் கல்வியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்கியதால் டிசம்பருக்கே திரும்பிவிட்ட ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் அந்த மழைக்காலத்தில்தான் வருகின்றன. அதே மாதங்களில் செங்கடல் கரையில் மழை என்பதே அபூர்வம். அக்டோபர், நவம்பரில் வெயிலும் தணிந்திருக்கும். கோடையின் சூடு தண்ணீரில் இன்னும் மிச்சமிருக்கும். டிசம்பர் பிற்பாதி முதல் குளிர்காற்று வீசும், தண்ணீரும் சில்லிடும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நவம்பரே மேல்.

ஆக, போகலாமா என்பது கேள்வியன்று. எப்படிப் போவது என்பதே கேள்வி.

மச்சான் பிடித்த கயிறு

முக்குளிப்பு தமிழனுக்குப் புதிய கலையன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் நம் முன்னோர்கள். காற்றுக் குப்பி கிடையாது, கண்ணாடி கிடையாது. காலில் ஒரு கல், இடுப்பில் ஒரு பை, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே இறங்குவார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி இருப்பார். கீழிருந்து கயிறு அசைந்தால் அக்கணமே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குவதால் மச்சான் கண் அசரமாட்டான் என்பது கணக்கு.

அந்தக் காலத்து மனிதர் கடலில் இறங்கும் முன் கேட்ட ஒரே கேள்வி, மேலே கயிறு யார் கையில் என்பதுதான். இன்று ஆயிரக்கணக்கான வெள்ளி கட்டிப் பயணம் போகிறவர்கள் விடுதியின் நட்சத்திரத்தை எண்ணுகிறார்கள், காலைப் பலகாரத்தில் என்னென்ன உண்டு என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

கேட்காததன் விலை என்ன? 2022 ஏப்ரலில் மெர்சிங் கடலில் பயிற்சிக்காக இறங்கிய முக்குளிப்பாளர் நால்வர் நீருக்கு மேல் வந்தபோது படகைக் காணவில்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. மூவர் மீட்கப்பட்டனர். 14 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். 2024 நவம்பரில் எகிப்தின் மர்சா ஆலம் பகுதிக்கு அருகே 'சீ ஸ்டோரி' என்ற முக்குளிப்புக் கப்பல் மூழ்கியது. விடியற்காலையில் அறைகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. 2025 மார்ச்சில் ஹுர்காடாவில் சுற்றுப்பயணிகளை ஏற்றிச்சென்ற நீர்மூழ்கி ஒன்று மூழ்கி 6 பேர் இறந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதம் பெர்ஹெந்தியானில் இரவு நேரத்தில் படகு கவிழ்ந்து மூவர் மாண்டனர். அவர்களில் இருவர் சிறுமிகள்.

இவை பயமுறுத்துவதற்காகச் சொல்லப்படுபவை அல்ல. கடல் எல்லா நாட்டிலும் கடல்தான் என்பதற்காகச் சொல்லப்படுபவை.

முதல் முடிச்சு: நீச்சல்

பயணத் திட்டம் விமானச் சீட்டில் தொடங்கக்கூடாது, நீச்சல் குளத்தில் தொடங்க வேண்டும். தண்ணீரில் கண்டம் என்று சோதிடர் சொன்னார், தலையில் நீர் கோத்துக்கொள்ளும், பெண்பிள்ளை கறுத்துப்போவாள் என்றெல்லாம் காரணம் சொல்லிப் பிள்ளைகளைக் குளத்தின் பக்கமே விடாத பெற்றோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நீச்சல் குளம் இருக்கும். அதற்கு மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும் கட்டுவார்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.

முக்குளிப்பில் அடிப்படைச் சான்றிதழ் பெற அனைத்துலகப் பயிற்சி நிறுவனமான பாடி வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். வயது குறைந்தது 10 இருக்க வேண்டும். புறப்படுவதற்கு 6 மாதம் முன்பே குடும்பத்தில் ஒவ்வொருவரும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கட்டும். தேறாதவர் முக்குளிப்பை மறந்துவிட்டு, மிதவை அங்கியோடு மேலிருந்தபடியே மீன்களைப் பார்க்கட்டும். செங்கடலில் அதுவும் குறைந்த இன்பமன்று.

பயிற்சியை எகிப்தில் போய் முடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தியோமானிலோ பெர்ஹெந்தியானிலோ மார்ச் முதல் அக்டோபர் வரை பயிற்சி கிடைக்கிறது. தெரிந்த மொழி, வெதுவெதுப்பான தண்ணீர், ஏதேனும் ஒன்று என்றால் வீட்டுக்கு ஒரே பேருந்துப் பயணம். இங்கே கற்றுக்கொண்டு அங்கே போய் அனுபவிப்பதுதான் சரியான வரிசை.

இரண்டாம் முடிச்சு: உடம்பு

முக்குளிப்புக்கு முன் மருத்துவக் கேள்வித்தாள் ஒன்றைத் தருவார்கள். ஆஸ்துமா, நீரிழிவு, இருதய நோய், இரத்த அழுத்தம் என்று கேட்டிருக்கும். நம்மவர்களில் பலர் யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு போட்டுக் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. நாட்டின் மூன்று பெரிய இனங்களில் அதுவே மிக அதிகம். 15 மீட்டர் ஆழத்தில் சர்க்கரை இறங்கித் தலை சுற்றினால் சாக்லேட் எடுத்துக் கொடுக்க அங்கே ஆள் இல்லை. உண்மையை எழுதுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டுப்பாட்டில் இருந்தால் மருத்துவர் அனுமதி தரவும் வாய்ப்பு உண்டு. பொய் எழுதினால் உயிரோடு சேர்ந்து காப்புறுதியும் போய்விடும்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வாயு உடலில் கரைந்து தங்குகிறது. மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினாலோ உயரமான மலைக்குப் போனாலோ அது குமிழிகளாக மாறி மூட்டையும் நரம்பையும் தாக்கும். பல நாள் முக்குளித்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெர்ஹெந்தியானில் காலையில் முக்குளித்துவிட்டு, குவா மூசாங் வழியாக அன்றே கேமரன் மலைக்குக் காரை விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செங்கடலிலும் இதே பொறி இருக்கிறது. டஹாப்பில் முக்குளித்த கையோடு, 2,285 மீட்டர் உயரமுள்ள சினாய் மலையில் சூரிய உதயம் பார்க்க நள்ளிரவில் அழைத்துப் போவார்கள். மலையை முதலில் வையுங்கள், கடலைப் பிறகு வையுங்கள். கடைசி நாளில் தண்ணீரை விட்டு விலகி, பாலைவனத்தில் ஒட்டகமும் பதூயின் மக்களின் தேநீருமாகக் கழியுங்கள்.

மூன்றாம் முடிச்சு: இடம்

செங்கடல் கரை முழுவதும் ஒன்றுபோல் இருக்காது. ஷார்ம் எல் ஷேக்கில் பல விடுதிகளின் முன்னால் பவளப் பாறை கரையை ஒட்டியே தொடங்குகிறது. மரப்பாலத்தில் நடந்துபோய் நேராக ஆழத்தில் இறங்க வேண்டும். மோரிப் போலக் குழந்தை கால் நனைத்து விளையாடும் கரையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முன்பதிவுக்கு முன் மணல் கரை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள ராஸ் முகமது 1983இல் அமைந்த எகிப்தின் முதல் தேசியப் பூங்கா. பவளமும் மீன் கூட்டமும் அங்கே கண்கொள்ளாக் காட்சி.

ஹுர்காடாவில் மணல் கரைகள் அதிகம். மர்சா ஆலம் அருகே அபு தப்பாப் விரிகுடாவில் கடலாமைகளும் சில சமயம் கடற்பசுவும் புல் மேயக் காணலாம். பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அதே உயிரினம்தான். அதைக் காக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிப் பாதுகாப்பகம் அறிவித்தது.

1941இல் ஜெர்மானிய விமானங்கள் மூழ்கடித்த 'திஸ்டில்கார்ம்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் இன்றும் 30 மீட்டர் ஆழத்தில் லாரிகளோடும் மோட்டார் சைக்கிள்களோடும் கிடக்கிறது. ஆனால் அடிப்படைச் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர். டஹாப்பின் 'புளூ ஹோல்' 100 மீட்டருக்கும் ஆழமானது. அனுபவசாலிகள் பலரின் உயிரை வாங்கியது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி அந்த இடத்துக்காகவே சொன்னது போலிருக்கும்.

ஒரு சிறு நுணுக்கம். செங்கடலில் கலக்கும் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வெயிலில் நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் உப்பு மிகுதி. லிட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம்; பிற கடல்களில் சராசரி 35 கிராம். ஆற்று வண்டல் இல்லாததால்தான் அந்தத் தெளிவு. உப்பு கூடினால் உடல் அதிகம் மிதக்கும். தியோமானில் கட்டிய ஈய எடை அங்கே போதாது. முதல் முக்குளிப்பை ஆழமில்லாத இடத்தில் வைத்து எடையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் முடிச்சு: காசும் காகிதமும்

கோலாலம்பூரிலிருந்து வழியில் விமானம் மாறித்தான் செங்கடல் கரையை அடைய முடியும். விசா விதிகளை எகிப்துத் தூதரகத்திடமும், பாதுகாப்பு நிலவரத்தை விஸ்மா புத்ராவின் பயண ஆலோசனையிலும் பாருங்கள். சித்தப்பா மகன் போய்வந்தபோது இருந்த விதி இன்றும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அனுமதியின்றி டிரோன் கொண்டுபோகக்கூடாது. பவளமோ சங்கோ நினைவுப் பொருளாக எடுத்துவரவும் கூடாது.

பயண முகவரிடம் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று கேட்பது அவமரியாதையன்று. 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி அது கட்டாயம். தெரிந்த பையன், நம்ம ஊர்க்காரர் என்று ரசீது இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். 'எல்லாம் அடக்கம்' என்று விளம்பரத்தில் இருந்தாலும் முக்குளிப்பு, உபகரண வாடகை, பூங்காக் கட்டணம் பெரும்பாலும் தனி. எது அடக்கம், எது தனி என்று எழுத்தில் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, ரசீது தேவை.

பயணக் காப்புறுதியில் முக்குளிப்பு சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை, அழுத்த அறைச் சிகிச்சைக்கும் அவசர விமானத்துக்கும் பணம் தருவார்களா என்று நுண்ணெழுத்தைப் படியுங்கள்.

படகில் ஏறும் முன் மூன்று கேள்விகள். ஆள் கணக்கு எடுப்பவர் யார்? உயிர்வாயுக் குப்பி எங்கே? எல்லோருக்கும் மிதவை அங்கி உண்டா? பதில் சொல்லத் தயங்கும் படகு வேண்டாம், காசு போனாலும் பரவாயில்லை. நீருக்கு மேல் வந்ததும் ஊதி உயர்த்தும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாயும் ஒரு விசிலும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். பரந்த கடலில் ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது.

இவ்வளவு செலவு தாங்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. டிசம்பரில் கிழக்குக் கரை மூடியிருந்தாலும் லங்காவிக்குத் தெற்கே பாயார் தீவுக் கடல் பூங்கா இருக்கிறது. சிறு சுறாக்களும் பவளமும் அங்கேயும் உண்டு. இன்று அங்கே மிதக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, பத்தாண்டுகளில் தன் சம்பாத்தியத்தில் பெற்றோரைச் செங்கடலுக்கு அழைத்துப் போகலாம்.

முத்துக்குளித்தவருக்குக் கயிற்றைப் பிடிக்க ஒரு மச்சான் இருந்தான். இன்றைய பயணிக்கு அந்தக் கயிறு பல இழைகளாகப் பிரிந்திருக்கிறது. கற்ற நீச்சல் ஓர் இழை, உண்மை சொன்ன மருத்துவத் தாள் ஓர் இழை, உரிமமுள்ள முகவர் ஓர் இழை, ஆள் எண்ணும் படகோட்டி ஓர் இழை. ஆறு மாதம் முன்பே உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக முறுக்குகிற குடும்பம் போன எண்ணிக்கையிலேயே வீடு திரும்பும்.