புள்ளி மாற்றும் பொழுதுபோக்கு

கணினி விளையாட்டை ஆடி முடித்ததும் அதனை மறந்துவிடுவோர் பலர். ஆட்டம் முடிந்த பின்னரே வேலையைத் தொடங்கும் ஒரு சாராரும் உளர். விளையாட்டில் ஓடித் திரிந்த பாத்திரத்தின் உருவத்தைத் தனியே பிரித்தெடுத்து, திரையிற் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக மாற்றி, வேறோர் ஆளாக்கி விடுவது இவர்களது பொழுதுபோக்கு. இதற்கு ஊதியமில்லை, புகழும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் ஒரு தொப்பியின் விளிம்பு சரியாக அமையும் பொருட்டு ஒரு மாலைப்பொழுதையே செலவிடுவர்.

பழைய விளையாட்டுகளின் உருவங்கள் 'பிக்சல்' எனப்படும் சிறு சதுரப் புள்ளிகளால் ஆனவை. சாயமிட்ட பன்னை எண்ணி எண்ணிப் பாயிலே கோலம் இழைப்பதை ஒத்தது இவ்வேலை. ஒரு புள்ளி பிசகினால் கண் மூக்காகிவிடும்.

1981ஆம் ஆண்டில் யப்பானின் நின்ரெண்டோ கம்பனி வெளியிட்ட 'டொங்கி கொங்' விளையாட்டில், பின்னாளில் மாரியோ எனப் பெயர் பெற்ற தச்சன் தோன்றினான். அவனை வரைந்தவர் ஷிகேரு மியாமோற்றோ. அத்தனை சிறிய இடத்தில் வாயை வரைதல் அரிது. ஆகவே மீசை வைத்தார். தலைமயிரை வரைதல் அரிது. ஆகவே தொப்பி அணிவித்தார். உலகறிந்த அந்த முகம் வறுமையிற் பிறந்த முகம் எனலாம்.

1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டிலும் அச்சிக்கனம் தொடர்ந்தது. சிறிய மாரியோவின் உருவம் 16க்கு 16 புள்ளிகொண்ட கட்டத்துள் அடங்கியது, வண்ணங்கள் மூன்றே. தொப்பியும் காற்சட்டையும் சிவப்பு. முகத்துக்கு ஒரு நிறம். எஞ்சிய மண்ணிறமே மயிருக்கும் மீசைக்கும் மேற்சட்டைக்கும் பொது. தம்பி லூயிஜிக்குத் தனி உருவம் வரையப்படவில்லை. அண்ணனுடைய நிறங்களே மாற்றப்பட்டன. மேற்சட்டை பச்சையாயிற்று, கூடவே மீசையும் பச்சையாயிற்று! இரசிகர்கள் இன்று செய்யும் வேலையை அக்கம்பனியே அன்று தன் கையாற் செய்து காட்டியது என்பது நகைப்புக்குரியது மட்டுமன்று, நினைவிற் கொள்ளத்தக்கதுமாகும்.

இக்கலையிற் புகுவோர் முதலிற் செய்வது நிறமாற்றமே. அடுத்து உடை மாற்றம். அதன்பின் ஒருவன் தலையையும் மற்றொருவன் உடலையும் பொருத்துதல். இவ்விடத்திலேதான் மெய்யான உழைப்பு தொடங்குகிறது. நிற்கும் உருவத்துக்கு ஒரு சால்வை போர்த்திவிட்டால் மட்டும் போதுமா? அவன் நடக்கவேண்டும், பாயவேண்டும், விழவேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனிச் சித்திரம் உண்டு; ஒவ்வொன்றிலும் அச்சால்வை காற்றுக்கேற்ப அசைதல் வேண்டும். நிழல் எப்பக்கம் விழுகிறது, முழங்கை மடியும்போது எத்தனை புள்ளி குறைகிறது என்பவற்றை எந்த ஆசிரியரும் கற்பியாமலே இளைஞர் கற்றுக்கொள்வது இவ்வாறே. பார்த்து எழுதிக் கைபழகிய பழைய மாணாக்கர் முறையே இதுவுமாகும்.

ஆனால் உருவம் யாருடையது? பாத்திரத்தின் உரிமை கம்பனியுடையது. மாற்றிய கை இரசிகருடையது. இவ்விரண்டுக்கும் இடையே நிலையான உடன்பாடு இல்லை. 2016இல் பழைய 'மெற்றோயிட்' விளையாட்டொன்றை இரசிகர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்துப் புதுக்கி வெளியிட்டார். சில நாட்களுள் நின்ரெண்டோ அதனை விலக்கச் செய்தது. மறு ஆண்டு, 2017இல், சேகா கம்பனி தன் 'சொனிக் மேனியா'வை ஆக்கும் பொறுப்பை இரசிகர் உலகிலிருந்து வந்த கிறிஸ்ரியன் வைற்ஹெட் முதலியோரிடமே ஒப்படைத்து வெளியிட்டது. ஒரே ஆர்வம் ஓரிடத்திற் குற்றமாயிற்று, மற்றோரிடத்தில் தகுதியாயிற்று.

இரசிகர் தமக்குள் வகுத்துக்கொண்ட வழக்கமொன்று உண்டு. நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு 'இது என் படைப்பு' என்பாரை அவர்கள் மதிப்பதில்லை, அது நியாயமே. மூல உருவம் எந்த விளையாட்டிலிருந்து வந்தது, மாற்றியவர் யார் என்பதைச் சித்திரத் தொகுதியின் ஓரத்திற் சிற்றெழுத்திற் குறித்து வைப்பர். தொகுதி கைமாறிக் கைமாறிச் செல்லும்போது எவரேனும் முதலில் வெட்டி எறிவது அந்த ஓரத்தைத்தான்.