அமெரிக்கப் பாரவண்டி: வேலைக்கும் வீட்டுக்கும்



மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசுவதற்குப் பொறியியல் படித்த ஒருவரை அழைத்திருக்கலாமே, வரலாறும் தமிழும் கற்பிக்கும் ஒரு பள்ளிக்கூட அதிபருக்கு இதில் என்ன வேலை என்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். காரணம் இதுதான். எம்மிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் குடியேறி, தோட்ட அமைப்பு வேலை, கூரை வேலை, நிலத்துக்கு ஓடு பதிக்கும் வேலை என்று தனித்தொழில் நடத்துகின்றனர். தொழில் சிறிது நிமிர்ந்தவுடன் அவர்கள் முதலிற் கண் வைப்பது அந்நாட்டுப் பெரிய 'பிக்கப்' வண்டியின் மீதே. ஊரிலுள்ள பெற்றோரிடம் பணவுதவி கேட்பவரும் உண்டு. காணியை ஈடு வைத்து உதவிய பெற்றோரையும் நான் அறிவேன். ஆகவே, அவ்வண்டி யாது, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை இங்குள்ளோரும் அறிந்திருத்தல் நன்று. ஒன்ராறியோ மாகாணத்தில் என் மகள் குடும்பத்துடன் ஐந்து மாதம் தங்கியிருந்த காலத்தில், இவ்வகை வண்டியிற் பலமுறை ஏறிச் சென்று, ஏற்றுவதையும் இறக்குவதையும் அருகிலிருந்து பார்த்தேன். அந்த அனுபவமும், பின்னர் வாசித்தறிந்தவையுமே இன்றைய பேச்சுக்கு ஆதாரம்.

'கெப்' என்று நாம் வழங்கும் வண்டியை இங்கு எல்லோரும் அறிவர். ரொயோட்டா ஹைலக்ஸ் அதற்கு நல்ல உதாரணம். அமெரிக்கர் முழுஅளவு வண்டி என்று சொல்வது அதனினும் ஒரு படி பெரியது. போர்ட் எஃப்-150, செவ்ரொலே சில்வராடோ, ராம் 1500, ரொயோட்டா துண்ட்ரா என்பன இவ்வினத்தைச் சேர்ந்தவை. ஹைலக்ஸின் அகலம் ஏறத்தாழ 1.85 மீற்றர். எஃப்-150 இன் அகலமோ பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2 மீற்றருக்கு மேல். கண்ணாடிகளையும் சேர்த்தால் 2.4 மீற்றரைத் தாண்டும். நான்கு கதவுள்ள வண்டியின் நீளம் 5.9 மீற்றரை நெருங்குகின்றது. யாழ்ப்பாணத்து வேலிகளுக்கிடையே உள்ள ஒழுங்கைகளை நினைத்துப் பாருங்கள். எதிரே ஒரு துவிச்சக்கர வண்டி வந்தாலும் இரண்டிலொன்று பின்வாங்க வேண்டியிருக்கும்.

இவ்வண்டியின் கதை பழையது. ஹென்றி போர்ட்டின் நிறுவனம் 1917 ஆம் ஆண்டில் ஒரு தொன் சுமைக்கான அடிச்சட்டத்தை மட்டும் விற்றது. வாங்கியவர் தமக்கு வேண்டிய பெட்டியைத் தாமே தச்சரைக் கொண்டு அமைத்துக்கொண்டனர். 1925 இல், பின்புறப் பெட்டியுடன் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்த வண்டியை 281 டொலருக்கு அந்நிறுவனம் விற்பனைக்கு விட்டது. 1948 இல் எஃப் வரிசையும் 1975 இல் எஃப்-150 என்னும் பெயரும் தோன்றின. 1977 முதல் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் பாரவண்டி எஃப் வரிசையே. 2015 ஆம் ஆண்டு மாதிரியில் உடற்பகுதியை உருக்கிலிருந்து அலுமினியக் கலவைக்கு மாற்றி, எடையில் 700 இறாத்தல் வரை குறைத்தனர்.

சிறிய வண்டிகள் அமெரிக்காவிற் பெருகாமைக்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. 1962 இல் மேற்கு ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு வரியை உயர்த்தின. அதற்கு எதிரடியாக, இறக்குமதியாகும் இலகு பாரவண்டிகளுக்கு அமெரிக்கா 1964 இல் நூற்றுக்கு 25 வீத வரியை விதித்தது. கோழிக்காகத் தொடங்கிய பிணக்கு கோழியை விட்டு நீங்கிய பின்னரும், வண்டிமேல் விதித்த வரி நீங்கவில்லை. எமது வீதிகளில் ஓடும் ஹைலக்ஸ் அங்கு விற்கப்படாமைக்கு இவ்வரியையும் ஒரு காரணமாகக் கூறுவர்.

இனி, வாங்க எண்ணுபவர் முதலாவதாகப் பார்க்கவேண்டியது எது என்பதற்கு வருவோம். விளம்பரத் தாள்களில் மிகப் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது இழுவைத் திறன். 2021 ஆம் ஆண்டு எஃப்-150 ஆகக்கூடியது 14,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 6,350 கிலோகிராம், இழுக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அது பொய்யன்று, ஆனால் குறித்த ஓர் எஞ்சினும், குறித்த கியர்ப் பற்சக்கரமும், குறித்த இழுவைச் சாதனங்களும் பூட்டிய வண்டிக்கே அது பொருந்தும். விற்பனையாளரின் முற்றத்தில் நிற்கும் வண்டி அதுவாக இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. சாரதியின் கதவைத் திறந்தால், கதவுநிலையில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஏறுவோரும் ஏற்றும் பொருளும் சேர்ந்து இத்தனை கிலோகிராமை மிஞ்சலாகாது என்று அதில் அச்சிட்டிருப்பர். அந்த எண் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியானது. தோலாசனமும் கண்ணாடிக் கூரையும் வேண்டுமென்று ஆடம்பரத்தைக் கூட்டக் கூட்ட, வண்டியின் சொந்த எடை ஏறி, அந்த எண் இறங்கும். விலை கூடிய வண்டி சுமை குறைவாக ஏற்றும் என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். கணக்கோ அப்படித்தான் நிற்கின்றது.

எண்கணிதப் பாடம்போல ஓர் உதாரணம் பார்ப்போம். தாளில் 725 கிலோகிராம் என்று இருக்கின்றது எனக் கொள்வோம். தோட்ட வேலைக்கான இயந்திரத்தை ஏற்றிய ரெயிலரின் எடை 3,000 கிலோகிராம். ரெயிலர் நிலத்தில் தன் சக்கரங்களின்மீதுதானே நிற்கின்றது, வண்டிக்கு அதனாற் பாரம் என்ன என்று கேட்கலாம். ரெயிலர் ஆடாமல் நேராக வரவேண்டுமாயின், அதன் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு முன்புறக் கொளுவியின்மேல் அழுந்தவேண்டும். அது குறைந்தால், வேகமாக ஓடும்போது ரெயிலர் வாலாட்டத் தொடங்கி, வண்டியையே புரட்டிவிடும். ஆகவே நூற்றுக்கு 12 என்று வைத்தால் 360 கிலோகிராம் வண்டியின்மேல் வந்து விழுகின்றது. மீதி 365. சாரதியுடன் வேலையாட்கள் நால்வர், ஆளுக்கு 80 கிலோகிராம் என்றால் 320. மீதி 45. எமது நாட்டில் ஒரு மூடை சீமெந்து 50 கிலோகிராம்; அதற்குக்கூட இடமில்லை! மண்வெட்டிகளும் கருவிப்பெட்டியும் எங்கே போவது? விளம்பரம் சொல்லும் இழுவைத் திறனில் பாதியைக்கூட எட்டுமுன் வண்டியின் ஏற்றுசுமை தீர்ந்துவிட்டது. இந்தக் கணக்கைப் போடாமல் கையொப்பமிட்டவர்கள், ஈராண்டில் வில்லுத்தகடுகள் தளர்ந்து, பிறேக் தேய்ந்து, மறுபடி கடன் எடுப்பதை நான் கேட்டிருக்கின்றேன்.

பின்புறப் பெட்டியிலும் இவ்வாறான ஒரு மயக்கம் உண்டு. ஐந்தரை அடிப் பெட்டிக்குள் ஏறத்தாழ 2 கன யார் மண் கொள்ளும். ஈரமண் ஒரு கன யாரே ஒரு தொன்னை எட்டும். இடம் இருக்கின்றதே என்று பெட்டியை நிரப்பினால், அனுமதித்த எடையைப்போல் இரு மடங்குக்கு மேல் ஏற்றியதாகும். வைக்கோலோ மரச்சட்டங்களோ என்றால் கதை வேறு. சக்கர மேடுகளுக்கிடையே 50 அங்குல அகலம் விடப்பட்டிருப்பதால், 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உள்ள பிளைவூட் பலகை தட்டையாகக் கிடக்கும். நீளத்துக்கு மட்டும் பின்கதவைத் தாழ்த்திவிட வேண்டும். தச்சுவேலை செய்பவர் எட்டடிப் பெட்டியுள்ள, இரு கதவு வண்டியை வாங்குவதே புத்தி. ஆனால் பிள்ளைகளையும் ஏற்றவேண்டுமென்று நான்கு கதவு வண்டியையே பெரும்பாலார் வாங்குகின்றனர்; பெட்டி அதற்கேற்பக் குறுகுகின்றது.

இழுவைத் திறனை அளக்க முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தன்தன் அளவுகோலைக் கைக்கொண்டது. பின்னர் எல்லோருக்கும் பொதுவான சோதனை முறை ஒன்று வகுக்கப்பட்டு, 2015 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் அதனை ஏற்றுக்கொண்டன. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கருகே 11.4 மைல் நீளமான ஏற்றம் ஒன்றுண்டு. கொதிக்கும் வெயிலில், குளிரூட்டியையும் முழு அளவில் இயக்கிக்கொண்டு, முழுப் பாரத்தையும் இழுத்தவாறு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் அவ்வேற்றத்தை ஏறி முடிக்கவேண்டும் என்பது அச்சோதனையின் ஒரு பகுதி. வகுப்பேற்றச் சோதனை நடத்தும் என்போன்றோர்க்கு இது மிகவும் பிடித்தமான ஏற்பாடு. தனக்குத் தானே புள்ளியிடும் மாணவனை யார் நம்புவர்?

சட்டமும் கவனிக்கத்தக்கது. ஒன்ராறியோவில் 1,360 கிலோகிராமும் அதற்கு மேலும் எடையுள்ள ரெயிலருக்குத் தனிப் பிறேக் இருத்தல் வேண்டும். ரெயிலர் 4,600 கிலோகிராமை மிஞ்சினால் சாதாரண சாரதி அனுமதிப்பத்திரம் போதாது.

நாளாந்த ஓட்டத்துக்கு வருவோம். சுமையில்லாத பாரவண்டி பின்புறம் இலேசானது. பாரத்தைத் தாங்கவென அமைந்த வில்லுத்தகடுகள் வெறுமையாக ஓடும்போது பள்ளந்தோறும் துள்ளும். ராம் வண்டியில் 2009 மாதிரி முதல் சுருள்வில் அமைத்திருப்பதால் அது சற்று மெதுவாகச் செல்கின்றது; முதுகுநோவுள்ள எனக்கு அந்த வேறுபாடு நன்கு தெரிந்தது. மாரிகாலத்தில் வெண்பனி மூடிய வீதியில் பின்சக்கரம் பிடிமானமின்றி வழுக்குமென்று, அங்குள்ளோர் பெட்டிக்குள் மணல்மூடைகளை இட்டுக்கொண்டு ஓடுகின்றனர். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கின்றது. அது வண்டியைப் புறப்படச் செய்யுமேயன்றி நிறுத்த உதவாது. நிறுத்துவது ரயரும் பிறேக்குமே. பனிக்கால ரயருக்கான செலவையும் ஆரம்பத்திலேயே கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எரிபொருள், எஞ்சினுக்கேற்ப, 100 கிலோமீற்றருக்கு 11 முதல் 14 லீற்றர் வரை செல்லும்; பாரம் இழுக்கையில் அது இரட்டிப்பதும் உண்டு. மின்கலத்தில் ஓடும் எஃப்-150 லைற்னிங் 2022 இல் விற்பனைக்கு வந்தபோது பெரும் ஆரவாரம் எழுந்தது. கனத்த ரெயிலரைக் கொளுவியவுடன் அது செல்லும் தூரம் பாதியளவாகக் குறைந்ததைச் சோதித்தவர் பலர் கண்டனர். பெற்றோலும் மின்சாரமும் கலந்து இயங்கும் வண்டிக்கு வேறொரு பயன் வெளிப்பட்டது. 2021 பெப்ரவரியில் ரெக்சாஸ் மாநிலம் உறைந்து மின்சாரம் நின்றபோது, அவ்வகை வண்டியின் பின்புறத்திலிருந்து 7.2 கிலோவாற்று மின்சாரம் எடுத்துச் சிலர் தம் வீட்டைச் சூடாக்கிக்கொண்டனர். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஏ-40 காரை ஓட்டிய எமது மக்களுக்கு, இடுக்கண் வந்தபோது வண்டியை வேறு வகையிற் பயன்படுத்துவது புதுமையன்று.

நான் மனம் ஒப்பாத விடயம் ஒன்றுண்டு. இவ்வண்டிகளின் பொனற் ஆண்டுக்காண்டு உயர்ந்தும் செங்குத்தாகியும் வருகின்றது. சாரதி ஆசனத்தில் அமர்ந்து பார்த்தால், முன்னே நெருங்கி நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையின் தலை தெரிவதில்லை. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் காப்புறுதி நிறுவகம் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி பாதசாரியை மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள வண்டியைவிட உயிர்ச்சேதம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 45 வீதம் அதிகம். பின்புறம் பார்க்கும் கமராவை 2018 மே முதல் அமெரிக்காவும் கனடாவும் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கின. முன்புறத்துக்கு அத்தகைய கட்டாயம் வரவில்லை. காலை எட்டு மணிக்குப் பாடசாலை வாயிலில் வரிசையாக நிற்கும் இவ்வண்டிகளை அங்கு பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிள்ளையை இறக்கிவிட்டுச் சென்றது. முப்பது ஆண்டுகளாகப் பாடசாலை வாயிலில் நின்று பழகிய என் கண்ணுக்கு அக்காட்சி உவப்பாக இல்லை. முன்கமரா பூட்டிய வண்டியாகப் பார்த்து வாங்கும்படி என் மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

எவருக்கு இது வேண்டும்? வாரத்தில் நான்கைந்து நாள் இயந்திரமோ மண்ணோ பலகையோ ஏற்றுபவருக்கு வேண்டும். அவருக்கு இது கூலிக்கு மாரடிக்கும் எருது. மாதத்தில் ஒருநாள் தளபாடம் ஏற்றுபவருக்குக் கட்டடப் பொருட்கடைகளிலேயே இவ்வகை வண்டி மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றது. வாங்குவதே முடிவு என்பவர், விற்பனையாளர் காட்டும் வெறும் வண்டியை வெறும் வீதியில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைதல் ஆகாது. வேலையாட்களை ஏற்றி, இயலுமாயின் தம் ரெயிலரையும் கொளுவி, ஓர் ஏற்றத்திலும் ஓர் இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்கட்டும். கதவுநிலைத் தாளிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். வீட்டு வண்டிக்கூடத்தின் நீளத்தையும் உயரத்தையும் அளவுநாடா பிடித்து அளந்துகொண்டு போகட்டும்; என் மகளின் அயலவர் ஒருவர் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னரே கூடத்தின் கதவு மூடாது என்பதைக் கண்டார். அவரது புதிய வண்டி அந்த மாரிகாலம் முழுவதும் வெளியில் வெண்பனியை ஏந்திக்கொண்டு நின்றது.